காற்றழுத்தமும் என் கல்யாணப் பந்தலும்

காற்றழுத்தம் என்றால் என்ன என்று என்னிடம் யாரும் சும்மா கேட்கக் கூடாது. கேட்டால் என் கல்யாணக் கதையையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வராது.

போன மாதம் பழைய ஆலையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் ஓய்வு பெறும் வரை உட்கார்ந்திருந்த வானிலை அறையைக் காலி செய்துவிட்டார்களாம். இப்போது மொட்டை மாடியில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் ஒரு வெள்ளை டப்பா. காற்றை அதுவே அளக்கிறது, எண்ணை அதுவே அனுப்புகிறது. டீ கேட்பதில்லை, லீவும் கேட்பதில்லை. ஆலையின் தமிழ் ஊழியர்கள் ஆண்டுதோறும் போடும் மலருக்கு, டப்பா வருவதற்கு முன்னால் இந்த வேலை எப்படி நடந்தது என்று இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும் என்றார்கள். "சுருக்கமா இருந்தா போதும் மேடம்" என்றார் ஒருவர். என்னைத் தெரியாதவர், பாவம்.

என் பெயர் இசக்கியம்மாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுடலைமுத்து, பந்தல் போடுகிறவர். பம்பாயில் பந்தலை மண்டப் என்பார்கள், அதனால் ஏரியா முழுக்க அவர் 'மண்டப் அண்ணாச்சி'. மூங்கில் குவியலுக்கும் தார்ப்பாய் மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து படித்து பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் செம்பூரில் ஒரு ரசாயன ஆலையில் வானிலை அப்சர்வர் வேலை கிடைத்தது. ஆலையின் புகையும் வாடையும் எந்த நேரம் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொள்ள அவர்களே ஒரு சின்ன வானிலை அறை வைத்திருந்தார்கள். "மானத்தப் பாக்குததுக்குச் சம்பளமா?" என்று அப்பா மூன்று நாள் சிரித்தார். நான்காம் நாள் அதையே பெருமையாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முக்கால்வாசி நேரம் பென்சில் சீவினேன், மீதி நேரம் திட்டு வாங்கினேன். திட்டியவர் எங்கள் மேலதிகாரி விஸ்வநாதன் சார். மாட்டுங்காக்காரர். சலவை கலையாத அரைக்கைச் சட்டை, நெற்றியில் ஒரு கீற்று விபூதி. அந்த அறைக்குள் அவர் செருப்போடு நுழைந்து நான் பார்த்ததில்லை.

அறையின் வடக்குச் சுவரில், வெயில் படாத இடத்தில், கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டிக்குள் அழுத்தமானி இருந்தது. அனராய்டு என்போம். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு மெல்லிய உலோகச் சிமிழ். வெளிக் காற்று அழுத்தினால் அது ஒடுங்கும், விட்டால் உப்பும். அந்த அசைவுதான் முள்ளை நகர்த்தும். அவ்வளவு சின்னச் சமாச்சாரத்துக்கு சார் வைத்திருந்த ஆசாரம் கோயில் கர்ப்பகிரகத்துக்குக்கூட இருக்காது. முதலில் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். ரயிலில் இடிபட்டு வந்த சூடு உடம்பிலிருந்து இறங்கும் வரை தள்ளி நிற்க வேண்டும். டீ டம்ளரோடு பக்கத்தில் போகவே கூடாது. பிறகு விரல் கணுவால் கண்ணாடியில் மெதுவாக ஒரே ஒரு தட்டு, குழந்தை தூங்குகிற அறையின் கதவைத் தட்டுவது மாதிரி. முள் லேசாக நடுங்கி ஒரு இடத்தில் நிற்கும். முள்ளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டை உண்டு. முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி கண்ணை நேரே வைத்துப் படிக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் எண் மாறிப்போகும்.

படித்தாயிற்று என்று எழுதிவிட முடியாது. சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். அறை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரமோ அதற்கேற்ற ஒரு தொகையைக் கூட்டச் சொல்லும் அட்டை. உயரம் ஏற ஏற தலைக்கு மேலே இருக்கும் காற்று குறைகிறது, அதனால் அதன் பாரமும் குறைகிறது. எல்லா ஊர் எண்களையும் கடல் மட்டத்துக்கு இறக்கி வைத்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். இல்லாவிட்டால் மலை மேல் இருக்கிற ஊரில் தினமும் புயல் என்று ஆகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை அந்த அனராய்டை மடியில் வைத்துக்கொண்டு, டாக்ஸிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வியர்க்க விறுவிறுக்க சார் ஊருக்குள்ளே கொண்டுபோய் வேறொரு கருவியோடு ஒப்பிட்டு வருவார். தன் பிள்ளையை அவர் அப்படிப் பிடித்துக்கொண்டு போயிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு முள்ளைப் படித்தேன். மதியம் படித்தேன், இறங்கியிருந்தது. நாலு மணிக்குப் படித்தேன், இன்னும் இறங்கியிருந்தது. சாரின் அறைக்கு ஓடினேன்.

"சார், புயல் வருது சார்! அழுத்தம் குறைஞ்சுட்டே போகுது!"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "எதைக் காட்டிலும்?"

"காலையைவிட சார்."

"காலையைக் காட்டிலும் குறையத்தான் செய்யும். இந்த ஊர்ல காத்து தினம் ரெண்டு தரம் மூச்சு விடறது. காலம்பற பத்து மணிக்கு ஏறும், சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கும். புயல் வந்தாலும் வராட்டாலும் அது பாட்டுக்கு நடக்கும். நேத்து நாலு மணிக்கு என்ன இருந்ததுன்னு பாத்துட்டு வா."

பார்த்தேன். நேற்று நாலு மணிக்கும் அதே எண். புயல் அந்த இடத்திலேயே கலைந்தது.

"குறைவு, குறைவுன்னு பேப்பர்க்காரன் எழுதுவான். நீ எழுதப்படாது. எதைக் காட்டிலும் குறைவுன்னு சொல்லாத வரைக்கும் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது, இசக்கி" என்றார்.

காற்று ஏன் வீசுகிறது என்று எனக்குப் புரியவைத்ததும் அவர்தான், தாதர் ஸ்டேஷனை வைத்து. ஒரு பிளாட்பாரத்தில் இரண்டு வண்டி ஒரே நேரத்தில் வந்து கூட்டம் பிதுங்குகிறது. பக்கத்துப் பிளாட்பாரம் காலி. ஜனங்கள் என்ன செய்வார்கள்? நெரிசலிலிருந்து காலியை நோக்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். நெரிசல் அதிக அழுத்தம், காலி குறைந்த அழுத்தம், அந்தத் தள்ளுமுள்ளுதான் காற்று. வித்தியாசம் பெரிதானால் ஓட்டம், சின்னதானால் நடை. பகலில் தரை சீக்கிரம் சூடாகி, தரைக்கு மேலே இருக்கும் காற்று லேசாகிவிடும். அந்தக் காலி இடத்துக்குக் கடல் பக்கமிருந்து காற்று ஏறி வரும். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் எல்லாம் தலைகீழ். இதை, குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தேவ்நார் ஜனங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. எந்த வாடை எந்த நேரம் வீட்டுக்குள் வரும் என்று அவர்கள் மூக்குக்கே தெரியும்.

ஆனால் காற்று நெரிசலிலிருந்து காலிக்கு நேராகப் போவதில்லை. பூமி சுற்றுவதால், பூமத்திய ரேகைக்கு வடக்கே நம் பக்கத்தில், வலது புறமாக ஒதுங்கி வளைந்து போகும். "காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. இடது கையை நீட்டு. குறைஞ்ச அழுத்தம் அந்தப் பக்கம்தான்" என்பார் சார். இதை நான் வீட்டில் சொன்னதுதான் தாமதம், அப்பா பிடித்துக்கொண்டார். பந்தல் பேச வருகிறவர்கள் முன்னால் வாசலுக்குப் போவார், காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பார், இடது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். அரை நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து "ஒண்ணும் பயமில்ல, கட்டிரலாம்" என்பார். எந்தப் பக்கம் கை நீண்டாலும் பதில் அதுதான். கடைப் பலகையில் 'காற்றழுத்தம் பார்த்துக் கட்டப்படும்' என்று புதிதாக எழுதியும் வைத்துவிட்டார். எனக்குத் தெருவில் நடக்கவே வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். முருகேசன், காட்கோபரில் சின்ன லேத் பட்டறை. பெண் பார்க்க வந்த அன்று பெரியவர்கள் நகர்ந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "காத்து ஏங்க வீசுது?" நான் தாதர் பிளாட்பாரத்தில் ஏறியவள் பூமியின் சுழற்சியில் போய்த்தான் இறங்கினேன். அவர் தட்டிலிருந்த பஜ்ஜி முழுவதையும் தின்றுகொண்டே, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் "அப்ப, வித்தியாசம் இல்லன்னா காத்தே இல்ல" என்றார். எனக்கு அங்கேயே தலை சுற்றிவிட்டது. அன்றிலிருந்து ஆலையில் முள்ளைத் தட்டும்போதெல்லாம் சிரிப்பு வந்தது. சார் ஒருமுறை "என்னம்மா, அனராய்டு ஜோக் சொல்றதா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. வைகாசிக் கடைசியில்தான் நாள் கிடைத்தது. அதாவது பம்பாய் மழை வாசலில் வந்து நிற்கிற நேரம். நிச்சயதார்த்தத்தன்று அவருக்கும் அப்பாவுக்கும் மோதல்.

"இந்த நேரத்துல மைதானத்துல பந்தலா? மண்டபம் புடிங்க அண்ணாச்சி. மழ வந்துட்டுன்னா தாலி எங்க கெடக்குன்னு தேடணும்" என்றார் அவர்.

"மதினி, நான் பந்தக்காரன். எம் மக கல்யாணத்த அடுத்தவன் கூரைக்குக் கீழ வச்சா நாளைக்கு எவன் என்னயக் கூப்பிடுவான்? மாப்பிள்ள மேல ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா அதோட நான் பந்தல் போடுதத விட்டுருதேன். எம் மக நாளு பாத்துச் சொல்லியிருக்கா, மதினி."

நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்க விடுங்க, விடாமப் போங்க. சொட்டு விழுந்தா அன்னைக்குத் தாலி கட்டு கெடையாது. நனஞ்ச தாலி எங்க குடும்பத்துக்கு ஆகாது. கல்யாணம் ஆவணிக்குப் போயிரும், சொல்லிட்டேன்."

ஆவணி! நடுவில் நாள் கிடைக்காத ஆனி, அப்புறம் முழு ஆடி. முருகேசன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தோம்.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவானது. மராத்திக்காரர்கள் கோரஜ் என்று சொல்லி வைப்பார்களே, மாடு மேய்ந்து வீடு திரும்பும் நேரம், அது. மாப்பிள்ளையின் தாய்மாமா ஊரிலிருந்து வரும் வண்டி அன்று மதியத்துக்கு மேல்தான் தாதர் சேரும். அவர் இல்லாமல் தாலி கட்டக் கூடாது என்று பேச்சியம்மாள் உத்தரவு.

சனிக்கிழமை பந்தல் எழும்பி நின்றது. அப்பா தன் வாழ்க்கையில் போட்டதிலேயே பெரியது. நடுவில் கோபுரம் மாதிரி துணிக் கூரை, நாலு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாகத் திரைகள். நான் லீவில் இருந்தேன், கையில் மருதாணி. சும்மா இருக்க முடியவில்லை. முனை மருந்துக்கடை போனிலிருந்து ஆலைக்குப் போன் போட்டேன். அறையில் என்னோடு வேலை பார்த்த சாவந்த் எடுத்தார். முள் என்ன சொல்கிறது என்று கேட்டேன். படித்து, அட்டைத் தொகையைக் கூட்டி, ஆயிரத்து இரண்டு மில்லிபார் என்றார்.

நேற்று அதே நேரம் நானே படித்தது ஆயிரத்து ஐந்து. ஒரே நாளில் மூன்று குறைந்திருக்கிறது. அமைதியான நாளில் அப்படிக் குறையாது. பக்கத்திலேயே எங்கோ ஒரு பெரிய காலிப் பிளாட்பாரம் உருவாகிறது, சுற்றியுள்ள காற்றெல்லாம் அதை நோக்கிப் பாயப் போகிறது என்று அர்த்தம். மருதாணிக் கையோடு மைதானத்துக்கு ஓடினேன்.

"யப்பா! அழுத்தம் மூணு எறங்கிட்டு! பெருங்காத்து வருது!"

அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. இடது கையைக்கூட நீட்டிப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், திரும்பி ஆட்களைப் பார்த்தார். "திரையெல்லாம் அவுருங்கலே! கூரத் துணியையும் தளத்துங்க! துணி போனா வாங்கிக்கிடலாம், மூங்கி சாஞ்சா ஆளு போயிருவான்!" திரைகளைச் சுருட்டி டெம்போவில் ஏற்றி, தேவ்நாரில் ஒரு கூட்டாளியின் குடோனுக்கு அனுப்பிவிட்டார். கூரைக் கயிறுகளைத் தளர்த்த ஆரம்பித்தார்கள். என் கோபுரம் தொளதொளவென்று தொங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் சார் வீட்டுக்குப் போன் போடத் தோன்றியது.

"சார், மூணு மில்லிபார் குறைஞ்சிருக்கு."

"எதைக் காட்டிலும்?"

இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். "நேத்து இதே நேரத்தைக் காட்டிலும் சார்!"

"பேஷ். காலம் சரி. இடம்?"

"இடமா?"

"சாவந்த் எங்கேர்ந்து படிச்சான்னு கேளு."

மறுபடி ஆலைக்குப் போட்டேன். "சாவந்த், அனராய்டு எங்கே இருக்கிறது?" என்று இந்தியில் கேட்டேன். அவர் மெதுவாக "ஊபர்" என்றார். மேலே! எவ்வளவு மேலே? "ஏக்தம் ஊபர்." ஆலைக் கோபுரத்தின் உச்சி அறையில்!

விஷயம் இதுதான். திங்கட்கிழமை நான் புதுப் பெண்ணாக மாப்பிள்ளையோடு அறைக்கு வருவேன், அதற்குள் அறைக்கு வெள்ளையடித்துத் தோரணம் கட்டி என்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று சாவந்தும் மற்றவர்களும் திட்டம் போட்டிருக்கிறார்கள். சாருக்குத் தெரிந்தால் கருவியைத் தொட விடமாட்டார் என்று அவரிடமும் சொல்லவில்லை. சுண்ணாம்பு தெறிக்கக் கூடாது என்று அனராய்டையும், அழுத்தத்தை ஒரு வாரத் தாளில் தானாகக் கோடு போட்டுக்கொண்டே இருக்கும் பாரோகிராஃப் கருவியையும் தூக்கிக்கொண்டு பத்து மாடி உயரம் ஏறியிருக்கிறார்கள். கூட்டியதோ கீழ் அறைக்கான அட்டைத் தொகை. காற்று இறங்கவில்லை, என் அனராய்டு ஏறியிருந்தது! இப்படி ஒரு புயலை வானிலை அறைக்காரர்களைத் தவிர வேறு யாரும் உண்டாக்க முடியாது.

நான் போனை வைத்துவிட்டு மருந்துக்கடையிலேயே விழுந்து விழுந்து சிரித்தேன். கடைக்காரர் சோடா கொடுத்தார்.

அப்பா சிரிக்கவில்லை. ஆட்களைத் திட்டிக்கொண்டே கூரையை மறுபடி இழுத்துக் கட்டினார். ஆனால் திரைகளைக் கொண்டுபோன டெம்போ வேறு லோடுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். நாலு பக்கமும் திறந்து, எலும்புக்கூடு மாதிரி நின்றது பந்தல். அன்று சாயங்காலம் பூ கொடுக்க வந்த பேச்சியம்மாள் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பாதியில விட்டுட்டிய?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னு, மதினி" என்றார் அப்பா.

மறுநாள் மதியம் முழுக்கக் கொளுத்தியது. சாயங்காலம் மணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முருகேசன், பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முகூர்த்த நேரம் ஆரம்பமாகிவிட்டது. தாய்மாமாவைக் காணோம். வண்டி வந்துவிட்டது, டாக்ஸி கிடைக்கவில்லை என்று ஆள் வந்து சொன்னான். எல்லோரும் காத்திருந்தோம். வீசிக்கொண்டிருந்த கடல் காற்று திடீரென்று நின்றுபோனது. கூரைத் துணியில் ஒரு அசைவு இல்லை. சுற்றிலும் வீடுகள் நெருக்கியிருந்ததால் கிழக்கு வானம் எங்களுக்குத் தெரியவில்லை.

முதல் வரிசையில் விஸ்வநாதன் சார் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் பரிசு கொண்டுவருவார்கள். அவர் தன் சொந்தச் சட்டைப்பை அனராய்டைக் கொண்டுவந்திருந்தார், கடிகாரம் அளவுதான் இருக்கும். அதை அடிக்கடி எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"ஏர்றது! இசக்கி, ஏர்றது!"

அப்பா கையைக் கூப்பிக்கொண்டு ஓடி வந்தார். "ஏறுனா நல்லதுதான சார்? எறங்குனாத்தான மழ?"

"மெதுவா ஏறினா நல்லது. இது குதிக்கறது! எங்கேயோ பக்கத்துல மேகம் உடைஞ்சுடுத்து. மழையில குளிர்ந்த காத்து கனமா கீழ இறங்கித் தரையோட பரவிண்டு வரது. அதோட பாரம்தான் முள்ளுல முதல்ல தெரியறது. பின்னாலேயே காத்து வரும், அதுக்குப் பின்னாலே மழை!"

முந்தின நாள் பட்ட பாடு எனக்கு மறக்குமா? மணையில் உட்கார்ந்தபடியே, மாலையும் பட்டுமாக, கூட்டத்துக்கு மேலே கத்திக் கேட்டேன். "எதைக் காட்டிலும் சார்?"

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அஞ்சு நிமிஷம் முன்னாடியைக் காட்டிலும்! இதே நாற்காலிலேர்ந்து! காலமும் சரி, இடமும் சரி!"

"எவ்வளவு நேரம் இருக்கு சார்?"

"ஒரு தாலி கட்ற நேரம் இருக்கும்!"

எல்லோரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். அவர் வாசல் பக்கம் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தார். "எந் தம்பி வராம எப்படி..." என்று இழுத்தார். "நேத்துந்தான் காத்து வருதுன்னு பந்தல அவுத்திய. இன்னைக்கு இந்தச் சின்ன டப்பாவச் சொல்லுதிய."

எனக்கு ஆனி தெரிந்தது. ஆடி முழுவதும் தெரிந்தது. வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அத்த! ஆவணி வரைக்கும் என்னால முடியாது!"

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பக்கத்தில் முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் மெதுவாக, "எனக்குந்தான்" என்றார்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எந் தம்பி வந்து நனஞ்சுக்கிடட்டும். ஏலே, கட்டுலே!"

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதையைக் கையில் எடுக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. முருகேசன் இரண்டு முடிச்சுப் போட்டார், மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டார். என் கழுத்தில் தாலி விழுந்ததும் முதுகுப் பக்கம் சில்லென்று ஒரு காற்று தொட்டது. அடுத்த மூச்சில் அது வந்துவிட்டது. தூசியும் காகிதமும் வாழையிலையுமாகக் கிழக்கிலிருந்து பாய்ந்து, திரையில்லாத பந்தலுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே போனது. கூரைத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது, ஓரத்தில் கிழிந்தது. மூங்கில் கிறீச்சிட்டது. ஒரு கால்கூடச் சாயவில்லை.

முதல் சொட்டு, பெரிய சொட்டு, பேச்சியம்மாளின் மூக்கு நுனியில் விழுந்தது.

"மாப்பிள்ள மேல இல்ல! சம்பந்தியம்மா மேல! எல்லாரும் பாத்துக்கிடுங்க!" என்று அப்பா கத்தினார். அவர் பந்தல் போடுவதை விடவேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு யார் மேல்தான் விழவில்லை? எல்லோரும் தொப்பலாக நனைந்தோம். பாயசம் இன்னும் தண்ணியானது. நனைந்த தாய்மாமா பெட்டியோடு ஓடி வந்து, "கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்டபோது கூட்டமே சிரித்தது. விஸ்வநாதன் சார் ஒழுகும் கூரைக்குக் கீழே நனைந்த விபூதியோடு நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். திரை இருந்திருந்தால் காற்று பந்தலுக்குள் புகுந்து அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், கூரைக்கு மேலே ஓடும் காற்றில் அழுத்தம் குறைந்திருக்கும், அந்த வித்தியாசமே கூரையைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கும். திறந்து கிடந்ததால் பிழைத்தது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறு வாரமே கடைப் பலகையில் இன்னொரு வரி ஏறியது: 'காற்றோட்டமான பந்தல் எங்கள் சிறப்பு.' சாவந்தோ, ஓய்வு பெறும் வரை அந்தப் பந்தலைக் காப்பாற்றியது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேலே தூக்கிக்கொண்டு போகாவிட்டால் திரை அவிழ்ந்திருக்காதே, நான் எப்படி மறுக்க முடியும்?

திங்கட்கிழமை அவர்கள் எனக்குக் கொடுத்த பரிசு, அந்த வாரத்து பாரோகிராஃப் தாள், கண்ணாடிச் சட்டம் போட்டது. அலை அலையாகப் போகும் கோடு சனிக்கிழமை படிக்கட்டு மாதிரி செங்குத்தாகக் கீழே விழுகிறது. அது அவர்கள் மாடி ஏறியது. அப்படியே செங்குத்தாக மேலே வருகிறது. அது சார் போனில் திட்டியபின் அவர்கள் கீழே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் ஒரு சின்ன மூக்கு மாதிரி ஒரு புடைப்பு. அதை அடுத்து ஒரு மயிரிழை தள்ளி என் தாலி. வெள்ளை டப்பா இப்படி ஒன்று வரைந்து கொடுக்குமா என்று மலருக்காக வந்த பையன்களைக் கேட்டேன். பிரிண்ட் எடுக்கலாம் மேடம் என்றார்கள்.

அந்த வருடம் ஆவணி முதல் தேதி காலையில், காட்கோபர் வீட்டில், மாமியார் எனக்குக் காப்பி டம்ளரை நீட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"என்னட்டி இசக்கி, ஆவணி வந்துட்டு. பொறுத்துக்கிட்டியா?"

அதற்கப்புறம் ஒரு ஆவணியைக்கூட அவர் விடவில்லை. பேரன் பேத்திகள் முன்னால், பட்டறை ஆட்கள் முன்னால், கடைசியாகப் படுக்கையில் இருந்தபோதும், காப்பியை வேறு யாரையோ கொண்டுவரச் சொல்லி, கேள்வியை மட்டும் தானே கேட்டார். ஒவ்வொரு தடவையும் எனக்கு முகம் சிவந்தது.

இதை எழுதி முடிக்கிற இன்றைக்கு ஆவணி ஒன்று. அவர் போய்ப் பல வருடமாகிவிட்டது. யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் காலையில் எழுதவே உட்கார்ந்தேன். முருகேசன் மெதுவாக வந்து மேசையில் காப்பியை வைத்தார். அம்மா மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்னட்டி இசக்கி, பொறுத்துக்கிட்டியா?"